துண்டை எடுத்துத் துடைக்காதீர்கள்: கடலோரப் பழைய கார் கண்காட்சிகளில் வரும் தொல்லைகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் புலம்பல் இதுதான்: "தொடாதீங்கன்னு எழுதி வச்சாலும் தொடுறாய்ங்க." சென்னையிலோ கோயம்புத்தூரிலோ தொட்டால் பெரும்பாலும் கைரேகையோடு முடிந்துவிடும். ராமநாதபுரம் கடற்கரையில் அப்படி முடியாது. மண்டபத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் காற்றில் உப்பும் பொடிமணலும் இருக்கும். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கே மைதானம் பிடித்தாலும் இதே நிலைதான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பானெட் மேல் ஒரு மெல்லிய படலம் உட்கார்ந்துவிடும். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்து பார்த்தால் பால் தெளித்த மாதிரி மங்கலாகத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் துண்டு வரும். பார்க்க வந்தவர் நல்ல மனுஷர். "இம்புட்டு நல்ல வண்டியில தூசி இருக்கே" என்று தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, பானெட்டில் ஒரு வட்டம் போட்டுத் துடைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு வெயில் படுகிற பக்கம் நின்று பாருங்கள். கருப்பு அம்பாசிடராக இருந்தால் பிறை பிறையாகக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்று, சிலந்தி வலை மாதிரி தெரியும். கடல் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் எந்தக் கார் பெயிண்டையும் விடக் கடினமானது. துண்டு அந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் வேலையைச் செய்துவிடுகிறது. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், அதாவது பட்டறைகளில் டூகோ என்று சொல்வது, இன்னும் மோசமாக அடிவாங்கும். அதன் மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, கிடையாது. கீறல் நேராக நிறத்திலேயே விழும். பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் இருக்கிற பெயிண்டில் கொஞ்சத்தைச் சுரண்டித்தான் எடுக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இந்தக் கரையில் கூட்டத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மைதானத்தையும் நேரத்தையும் தண்ணீரையும் சரி செய்யுங்கள். தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். கண்காட்சிக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, பக்கத்து போர்வெல் குழாயில் வாளியை நீட்டுவது. கடலோரத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுவதுதான். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய் வட்டம் விழும், கண்ணாடியில் விழுந்தால் துடைத்தாலும் போகாது. குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேன் முழுவதும் கை படாமல் ஊற்றுவதற்கு. கூரையிலிருந்து ஆரம்பித்து பானெட், டிக்கி, கதவு, மட்கார்டு என்று கீழே இறங்கி வரவேண்டும். வயலில் மருந்தடிக்கும் 5 லிட்டர் கைத்தெளிப்பான் இதற்கு ரொம்ப வசதி. ஆனால் மருந்து ஒருமுறைகூடப் படாத புதுசாக இருக்க வேண்டும். இரண்டாவது கேனில் பாதி ஒரு வாளியில் 20 மில்லி கார் ஷாம்புவோடு, மீதிப் பாதி இன்னொரு வாளியில் வெறும் தண்ணீராக. ஷாம்பு வாளியில் துணியை நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். அலசும் வாளியின் அடியில் சேரும் மணலைப் பார்த்தால் ஏன் இரண்டு வாளி என்று புரியும். மூன்றாவது கேன் கடைசி அலசலுக்கு. உலர்த்தும்போது தேய்க்கக் கூடாது. பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, மேலே தட்டி ஒற்றி எடுக்க வேண்டும். பனியன் வேஸ்ட் எஞ்சினுக்கு மட்டும்.

நடுவில் படலம் படிந்தால் உலர்ந்த துணி எடுக்கவே கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் சில சொட்டு ஷாம்புவும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தெளித்து ஒரு நிமிஷம் விடுங்கள், உப்பு கரைந்துவிடும். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்துக்கு ஒரே ஒரு இழுப்பு, அதுவும் நேர்கோட்டில், பிறகு முகத்தை மாற்றிவிட வேண்டும். துண்டோடு நிற்கும் அந்த அண்ணனிடம் இந்தத் துணியைக் கொடுத்து ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். அடுத்து வருகிறவரை அவரே தடுப்பார். கத்துவதைவிட இது பலன் தருகிறது.

குரோமியம் பம்பர் வேறு விதமாகப் படுத்தும். குரோமியம் பூச்சு மிகமிக மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. கீழே நிக்கல், அதன் கீழே இரும்பு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்கரையில் சாயங்காலம் ஆனால் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடுகிறது. பகலில் உலர்ந்து கிடந்த உப்பு ராத்திரியில் உப்புத் தண்ணீராகி அந்த விரிசல் வழியே இறங்கும். காலையில் பம்பரில் கடுகு கடுகாய்ப் பழுப்புப் புள்ளி. அதனால் இரண்டு நாள் கண்காட்சி என்றால் முதல் நாள் ராத்திரி கழுவாமல் விடாதீர்கள். புள்ளி விழுந்துவிட்டால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நல்ல தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். எமரித் தாளோ கம்பித் தேய்ப்பானோ வேண்டாம், பூச்சே போய்விடும். துடைத்து, உடனே மெழுகு இரண்டு கை போட வேண்டும். மெழுகு இல்லாமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி வரும்.

மைதானத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இந்தக் கரையில் திறந்தவெளியில் பழைய வண்டிகளை நிறுத்தச் சொல்வது அநியாயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பாதிக்கு மேல் மாசி முடிய உள்ள நாட்கள்தான் நல்லவை. கடலை ஒட்டிப் படம் அழகாக வரும் என்பதற்காக மணல் திட்டில் இடம் போடுவார்கள். ஒரு பள்ளி மைதானமோ, கட்டிடமோ தோப்போ மறைக்கிற உள்ளடங்கிய இடமோ எவ்வளவோ மேல். தோப்பு என்றால் தென்னைக்குக் கீழே நிறுத்தக் கூடாது, மட்டையும் குரும்பையும் நேரம் பார்த்து விழுவதில்லை. முந்தின நாளே ஆள் விட்டு மைதானத்தைக் கூட்ட வேண்டும். சீமைக் கருவேல முள் பழைய டியூப் டயரில் ஏறினால் உடனே காற்று இறங்காது. வீடு திரும்பும் வழியில், இருட்டில், ஸ்டெப்னி மாற்ற வைக்கும். மீன்பிடி ஊர் மைதானங்களில் தூண்டில் முள்ளும் வலைக் கம்பித் துண்டும் கிடக்கும். ஒரு கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தரையோடு இழுத்துப் போனால் இரும்பெல்லாம் வந்துவிடும்.

காற்றுக்கு எதிரே எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது வண்டியைப் பொறுத்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்பாகம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைக் காட்டத் திறந்து வைத்தால் அது காற்றைப் பிடிக்கும் கப்பல் பாய் மாதிரி. பின்னாலிருந்து காற்று அடித்தால் கீல் குழாய்கள் வளையும், சேசிஸோடு சேரும் இடம் அசைந்துவிடும். ஹெரால்டு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், முன்பாகத்தைத் திறந்தால் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பழைய மில்லிசென்டோ ஃபியட்டுக்கு இதற்கு நேர் எதிர். அதன் முன் கதவுக்குக் கீல் பின்பக்கம். முன்னாலிருந்து அடிக்கும் காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும். கதவு வாரும் கீல் ஊசியும் ஒரே அடியில் கெட்டுப்போகும், உதிரி கிடைப்பது லேசில்லை. அதைக் காற்றுக்குப் புறமுதுகு காட்டி நிறுத்துங்கள். பக்கத்து வண்டிக்கும் இதற்கும் இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும்.

கார் கவர் பற்றி ஒரு வார்த்தை. வெயிலுக்கும் தூசிக்கும் பாதுகாப்பு என்று நினைத்து கவரைப் போர்த்துகிறோம். மணல் பறக்கும் இடத்தில் கவருக்குள் துகள் புகுந்து, காற்றில் துணி படபடக்கும்போது ஒவ்வொரு விளிம்பையும் அது அரைக்கும். மட்கார்டு முனை, கதவு வரம்பு, கூரை மடிப்பு ஆகிய மூன்று இடத்திலும் பெயிண்ட் வெளுத்திருந்தால் பெரும்பாலும் கவர்தான் காரணம். கண்காட்சி மைதானத்தில் கவர் வேண்டாம். காற்று வரும் பக்கம் மட்டும் தட்டி கட்டிய பந்தல் போதும்.

அந்தப் பந்தலும் தொல்லைதான், கட்டும் விதத்தில் கட்டாவிட்டால். மணலில் முளை பிடிக்காது. முளை பிடிக்கவில்லை என்றதும் பந்தல் கட்டும் தம்பிகள் கண்ணில் படும் உறுதியான பொருளில் கயிற்றைக் கட்டுவார்கள். பெரும்பாலும் அது உங்கள் பம்பர். ஒரு பலத்த காற்றில் பம்பர் தாங்கி வளைவது ஒன்று, கயிறு குரோமியத்தை அறுப்பது இன்னொன்று. ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொரு காலுக்கும் 50 கிலோ மணல் மூட்டை ஒன்று வைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் கடைசியில் வையுங்கள். டீசல் புகைக்கரி வெள்ளை ஃபியட்டில் விழுந்தால் துடைக்கத் துடைக்க இழுபடும்.

நேரம்தான் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாத பெரிய தொல்லை. வண்டிகளை ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள், சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கு வருவார். அதற்குள் பேச்சு, பொன்னாடை, மறுபடி பேச்சு. விருந்தினர் கொடியசைக்கும்போது எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகி நகர வேண்டும் என்பார்கள். நாலு மணி நேரம் வெயிலில் கொதித்த கார்புரேட்டர் வண்டியிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் வண்டிகள் உள்ளே, பதினொன்றோடு பகல் பார்வை முடிவு, நாலு மணிக்கு மேல் மறுபடி என்று வைத்தால் வண்டிக்கும் நல்லது, குழந்தைகளோடு வருபவர்களுக்கும் நல்லது.

வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். பழைய எஞ்சினின் விசிறி பெல்ட்டில் ஓடுகிறது. ஐடிலில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அது இழுக்கும் காற்று கொஞ்சம்தான். ரேடியேட்டர் குழாய்களில் உவர்தண்ணீர் உப்பு அடைந்திருந்தால் சூட்டைக் காட்டும் முள் மளமளவென்று ஏறும். வரிசை நகராது என்று தெரிந்தால் எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்துவிடுங்கள். அணைத்தால் இன்னொன்று வரும். எஞ்சின் சூட்டில் ஏ.சி. பம்பிலும் (எஞ்சினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்) பெட்ரோல் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது. சோக்கை இழுத்து இழுத்து பிளக்கை நனைக்காதீர்கள். ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். பம்பில் கை லீவர் இருந்தால் கார்புரேட்டர் நிறையும் வரை அடியுங்கள், பிறகு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள்.

இதே நேரம் சுற்றி நிற்பவர்களில் ஒருவர் ரேடியேட்டர் மூடியில் கை வைப்பார், இன்னொருவர் வாளியில் தண்ணீரோடு வருவார். இருவரையும் நிறுத்துங்கள். சூடான மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்துக்கு வரும். அரை மணி நேரம் ஆறவிட்டு, கனத்த துணி போட்டு, முதல் பல் வரை மட்டும் திருப்பி, காற்று போன சத்தம் நின்ற பிறகே எடுக்க வேண்டும். வற்றிய சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் டிக்கியில் இருந்தால் போர்வெல் வாளிக்கு வேலையே இல்லை.

பேட்டரி இறங்கிப்போவதும் வரிசையில்தான். டைனமோ வண்டிகளில் ஐடிலில் சார்ஜ் ஏறவே ஏறாது. அலங்காரத்துக்காக ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். உதவிக்கு ஜம்ப் கேபிளோடு வருபவரை வரவேற்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மாரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40 மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ். பழக்க தோஷத்தில் கறுப்பு கிளிப்பைப் பாடியில் மாட்டினால் நேர் ஷார்ட்தான். பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பேட்டரி முனையிலேயே மாட்ட வேண்டும். இரண்டு வண்டியின் பம்பரும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது, தொட்டாலும் ஷார்ட். பேட்டரிப் பக்கத்தில் ஒரு அட்டையில் "பாடி பிளஸ்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

"தள்ளுவோமாண்ணே?" என்று நாலு பேர் ஓடி வருவது இந்த ஊரின் நல்ல குணம். ஆனால் பத்துக் கை மட்கார்டிலும் டிக்கி மூடியிலும் பதியும்போது தகடு குழியும். எங்கே தள்ள வேண்டும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். கதவுகளுக்கு நடுவில் உள்ள தூண், பின் கண்ணாடி ஓரத் தூண், பம்பரில் தாங்கி இருக்கும் இடம், இவை மட்டும்தான் தாங்கும்.

பூஜை விஷயத்தில் யார் மனதும் புண்படாமல் ஒரு ஒழுங்கு வேண்டும். கண்காட்சி தொடங்கும்போது எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவது வழக்கம். ஈரச் சந்தனத்தின் மேல் வைத்த குங்குமத்தின் சாயம் வெளிர் நிற டூகோ பெயிண்டில் இறங்கினால் மூன்று பொட்டும் நிரந்தரம். முன் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். மாலை நாரில் கட்டியதாக இருக்கட்டும். கம்பியில் கட்டிய மாலை காற்றில் ஆடி ஆடி கிரில்லைக் கீறும். கற்பூரத் தட்டு பானெட் மேல் வேண்டவே வேண்டாம், அடியில் சூடு ஏறிப் பெயிண்ட் கொப்பளிக்கும். வரவேற்புக்குச் சுடும் கலர் பேப்பர் வெடியையும் விட்டுவிடலாம். நனைந்த கிரேப் தாள் ஒரு மணி நேரத்தில் சாயத்தைப் பெயிண்டுக்குக் கொடுத்துவிடும். சானிட்டைசர் போட்ட ஈரக் கை, அத்தர் ஸ்ப்ரே, இவற்றில் உள்ள ஆல்கஹாலும் என்.சி. பெயிண்டுக்கு ஆகாது. விழுந்தால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரி செய்த பிறகு மிஞ்சும் கூட்டத் தொல்லையைச் சமாளிப்பது சுலபம். வண்டியிலிருந்து நாலு அடி தள்ளி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டினால் கை எட்டாது, கண் எட்டும். கயிற்றை ஒட்டி ஒரு பலகை, தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தில். எந்த வருஷம், எத்தனை சி.சி., எங்கே தயாரானது, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், இப்போதும் ஓடுகிறதா, விற்பனைக்கா இல்லையா. "மைலேஜ் என்ன?", "எவ்வளவுக்குக் குடுப்பீக?", "காக்கா (அண்ணே), இது ஸ்டார்ட் ஆகுமா?" என்று நாள் முழுக்க வரும் கேள்விகளுக்கு இந்த ஆறு வரி பதில் சொல்லிவிடும். மைலேஜை உண்மையாகவே எழுதுங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வண்டி தனியாக விடுங்கள். சாதாரண பெயிண்ட் அடித்த, தினமும் ஓடுகிற ஒரு அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ. ஏறலாம், ஸ்டீரிங்கைத் திருப்பலாம், ஹாரன் அடிக்கலாம். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சாவி வெளியே, சிகரெட் லைட்டர் கழற்றி. இப்படி ஒரு வண்டி இருந்தால் மற்ற வண்டிகளின் கதவுப்பிடியில் தொங்கும் பிள்ளைகள் பெரிதும் குறைந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றிரண்டுதான் நாளைக்கு இந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ளப் போகின்றன.

"எங்க தாத்தாகிட்ட இதே வண்டி இருந்துச்சு" என்று ஆரம்பிப்பவர்களைப் பலர் தொல்லை என்று ஒதுக்குகிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அம்பாசிடர் டாக்சி ஓட்டிய பெரியவர்கள் இன்னும் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். டெல்கோவில், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்டுக்கு 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளியை அளவுகோல் இல்லாமல் வைப்பது எப்படி, உப்புக் காற்றில் டெல்கோ மூடிக்குள் ஈரம் கோத்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் இருக்காது. அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

நமக்குள்ளேயே வரும் எரிச்சல்களில் முதலாவது "எல்லாமே ஒரிஜினல்" என்ற பேச்சு. எஞ்சின் பிற்பாடு மாற்றிப் போட்ட இசுசு, சீட் புதுசு, நிறம் அந்த வருஷம் கம்பெனி கொடுக்காதது, பலகையில் மட்டும் ஒரிஜினல். இசுசு எஞ்சின் போடுவதில் தப்பே இல்லை, ஓட்டுவதற்கு அது சுகம். அதை மாற்றியமைத்தது என்ற பிரிவில் நிறுத்த வேண்டும். ஒரிஜினல், புதுப்பித்தது, மாற்றியமைத்தது என்ற மூன்று பிரிவையும் பதிவுச் சீட்டிலேயே கேட்டுவிட்டால் பரிசு நேரத்துச் சண்டை பாதி போய்விடும். நடுவர் பளபளப்புக்கு மார்க் போடுவதை நிறுத்திவிட்டு சேசிஸ் எண், எஞ்சின் எண், கண்ணாடி முத்திரை, விளக்கு லென்ஸில் உள்ள எழுத்து என்று குனிந்து பார்க்க வேண்டும்.

விண்டேஜ் என்ற சொல்லும் அப்படித்தான் அலைக்கழிகிறது. பழைய மாருதி 800-ஐயும் விண்டேஜ் என்கிறார்கள். உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா கணக்கில் 30 வருஷம் ஆனால் அது பாரம்பரிய வாகனம், விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை வந்தவை. நம் நாட்டில் 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டி விண்டேஜ் பதிவுக்குத் தகுதி. எண்ணில் வி.ஏ. என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவு எடுத்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. தினமும் கடைக்கு எடுத்துப்போகும் பத்மினிக்கு இதை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கண்காட்சி முடிந்ததும் "அப்படியே தனுஷ்கோடி வரை ஒரு ரவுண்டு" என்பார்கள். பாம்பன் பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 1988-இல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தீவுக்குப் போகும் ஒரே சாலை. நம் வரிசை நின்றால் ஆம்புலன்ஸும் நிற்கும். அரிச்சல்முனையில் தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்க வேண்டாம். மெல்லிய பழைய டயர் மணலில் புதையும், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆக்சில் வரை போகும். புதைந்துவிட்டால் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்துக்கு முன் மணலைக் கையால் வாரி, பலகை கொடுத்துத் தள்ளுங்கள். கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் பம்பரில் கட்டாதீர்கள். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் தாங்கி, முன்பக்கம் குறுக்குச் சட்டம், இந்த இரண்டில்தான் கட்ட வேண்டும்.

ராத்திரி எவ்வளவு அசதியாக வீடு திரும்பினாலும் ஒரு கழுவல் பாக்கி இருக்கிறது, அது அடிப்பக்கத்துக்கு. வண்டியைச் சாய்வான இடத்தில் நிறுத்தி, சக்கர வளைவுகள், லீஃப் ஸ்பிரிங் இடுக்குகள், பெட்ரோல் டேங்க் மேல்பக்கம், கதவுகளின் அடி என்று நல்ல தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். அதிக அழுத்தம் வேண்டாம், உப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும். கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டையிலும் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. மணல் அடைத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்து தகட்டைத் தின்றுவிடும். தென்னங்குச்சி ஒன்றை விட்டு ஒவ்வொரு துளையையும் குத்திப் பாருங்கள், தண்ணீர் தெளிந்து வடியும் வரை. பிறகு தெருவில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி ட்ரம்மைக் காயவைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் காலையில் பிரேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டியிருக்கும்.